தாய் தட்டுகிறாள்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் ஒரு ‘உம்’ கொட்டிவிட்டுப் போனை அம்மையிடம் கொடுத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தமாம். அவள் சொன்னாள். பதில் இல்லாமல் கொடுக்கவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் மடக்குவாய், எனக்கு வெப்ராளம் வரும், கடைசியில் ரப்பர் விலையைப் பேசி வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதானே? புரோகிராம் எழுதுவது ஏஐ, மூளை அலைப் பதிவுகளைச் சுத்தம் செய்வது ஏஐ, ஆராய்ச்சிப் பேப்பர்களைப் படித்துச் சுருக்கித் தருவது ஏஐ, இங்கிலீஷைத் திருத்துவதும் ஏஐ. அப்படியானால் நான் வாங்கப்போகிற டாக்டர் பட்டம் யாருக்கு, இது கள்ளத்தனம் இல்லையா அப்பா?

கள்ளத்தனம் இல்லை. இங்கிலீஷ் விஷயத்தை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்தவர்களில் விஷயம் தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் ஒருபாடு பேர். மலையாளத்தில் சொல்லச் சொன்னால் மணிக்கணக்கில் சொல்வார்கள். டாக்டர்கள் கூடும் இடத்தில் இங்கிலீஷ் வராது என்று பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குழித்துறையில் தமிழ் மீடியத்தில் படித்த நீ எழுதுவதை ஒரு மெஷின் நேராக்கித் தருகிறது என்றால் தரட்டும். மெஷினுக்கு ஆசிரியர் பெயர் போடக்கூடாது, பயன்படுத்தியதை மறைக்கக்கூடாது என்று ‘நேச்சர்’ அறிவியல் இதழ் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதன்படி நட, போதும்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. பேச்சோடு பேச்சாக, “பதிவு அறைக்கு நான் போனதே இல்லை அப்பா, பல ஆஸ்பத்திரிகளிலிருந்து ஃபைல்தான் வரும்” என்றாய். சின்னப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற நீ, ஈஇஜிக்காக, அதாவது மூளையின் மின்னலையைப் பதிவதற்காக, தலையில் எலெக்ட்ரோடு ஒட்டித் தூங்குகிற ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை! நான் ஈஇஜி டெக்னீஷியனாக ஆயுசு முழுக்க இருந்த இடம் அது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சலிக்காதே.

நம் பக்கத்துப் பிள்ளைக்கும் கேரளத்துப் பிள்ளைக்கும் ஒரே கூறு: தலை நிறையத் தேங்காய் எண்ணெய். முந்தின நாளே தலை கழுவி வரச் சொல்லியிருப்போம். கழுவுவார்கள், பிறகு பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று ஒரு கை எண்ணெய் வைத்துத்தான் கூட்டி வருவார்கள். எலெக்ட்ரோடு ஒட்டாது. ஒவ்வொரு இடமாகத் துடைத்து, தேய்த்து, பேஸ்ட் வைத்து, மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை விடக்கூடாது. மூளையிலிருந்து வருவது மைக்ரோவோல்ட் கணக்கில்தான். கண் இமைத்தால் அதைவிடப் பெரிசாக எழும்பும். பல்லைக் கடித்தால் கோடு முழுக்கக் கறுத்துவிடும். ஏசி நின்றுபோன மதியங்களில் வியர்வைக்கு ஒரு அலை உண்டு. மெதுவாக, சோம்பலாக ஆடும், மூளையே மந்தமாகிவிட்டதுபோல. குளிர் தேசத்துப் பதிவுகளைப் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு எங்கள் மே மாத மதியம் எவ்வளவு பழக்கமாகியிருக்கும்?

கைக்குழந்தை என்றால் தூங்க வைப்பதுதான் பாதி வேலை. தாய் மடியில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாள். அவள் தட்டுகிற தாளத்துக்குத் திரையில் அலை எழும்பும். ஒரே சீராக, நொடிக்கு இரண்டு, மூன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், சட்டென்று நிற்கும். ஃபைலை மட்டும் பார்க்கிறவர் வலிப்பு என்று சொல்லிவிடலாம். நடந்தது வேறு. பிள்ளை தூங்கிவிட்டது, தாய் கையை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் ‘தாய் தட்டுகிறாள்’ என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பு அடித்து வைப்பேன். ரிப்போர்ட் எழுதுகிற டாக்டருக்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வலிப்பு ஒளிந்திருந்தால் வெளியே வரட்டும் என்று மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு இழுத்துவிட வைப்போம். ஆறு வயசுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் நடக்குமா? அதற்காகத் தென்னோலைக் காற்றாடி ஒன்று மேசையில் இருக்கும். பாறசாலைப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி நன்றாக ஊதிக்கொண்டிருந்தாள். காற்றாடி நின்றது. கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை என்மேல் இல்லை. திரையில் நொடிக்கு மூன்று என்று கூர்முனையும் அலையுமாக ஓடுகிறது, இது நிஜ வலிப்பின் அலை. நான் அவள் காதருகே “சக்கப்பழம்” என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஊத ஆரம்பித்தாள். “இப்போ நான் என்ன சொன்னேன் மோளே?” “மாமா ஒண்ணும் சொல்லலையே.” அதையும் குறித்தேன். நொடிக்கு மூன்று அலை என்பதை மெஷின் என்னைவிட வேகமாக எண்ணும். அந்தச் சில நொடியில் பிள்ளைக்கு நினைவு இருந்ததா இல்லையா என்பது பக்கத்தில் இருந்து கேட்டவனுக்குத்தான் தெரியும்.

போன தடவை வந்தபோது மடிக்கணினியில் ஐசிலேபல் என்று ஒரு மென்பொருள் காட்டினாய், நினைவிருக்கிறதா? 2019ல் வந்தது என்றாய். சிக்னலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏழு வகையில் போடும்: மூளை, தசை, கண், இதயம், கரன்ட் இரைச்சல், எலெக்ட்ரோடு கோளாறு, மற்றவை. நல்ல வேலைதான், நான் கண் வலிக்க வலிக்கப் பார்த்ததை நொடியில் செய்கிறது. ஆனால் அந்தத் தாயின் கைக்கு அதில் தனி இடம் இல்லை. ‘மற்றவை’யில் விழுந்தால் நல்லது, ‘மூளை’யில் விழுந்தால் உன் ஆராய்ச்சியில் ஏறிவிடும், உனக்குத் தெரியவும் தெரியாது.

அப்பா பழைய ஆள், மெஷினுக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. ஈஇஜி படிக்கிற ஸ்கோர்-ஏஐ பற்றி 2023ல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்ததை நீதான் அனுப்பினாய், அகராதி வைத்துக்கொண்டு முழுசும் படித்தேன். 30,493 பதிவுகள், 17 நிபுணர்கள் குறித்துக் கொடுத்தவை. அவற்றை வைத்துப் பழக்கி, சாதாரண ஈஇஜியைத் தேர்ந்த டாக்டர் அளவுக்கே படிக்க வைத்திருக்கிறார்கள். நியூராலஜிஸ்ட் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய காரியம். மலையோரத்திலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரம் வருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேனே. ஆனால் அதே பேப்பரில் ஒரு வரி: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும் அபாய நிலையில் கிடப்பவர்களையும் சேர்க்கவில்லை. செய்தவர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் அதைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை ஏஐ மேலும் சுருக்கினால் முதலில் உதிரப்போவது அந்த வரிதான். நீ பேப்பர்களைச் சுருக்கிப் படிப்பதாகச் சொன்னாயே, எத்தனையை வேண்டுமானாலும் அப்படிப் படி. உன் ஆராய்ச்சியைத் தாங்கி நிற்கிற ஏழெட்டை மட்டும் முழுசாகப் படி, முறையும் விலக்கும் எழுதியிருக்கிற பக்கத்தோடு.

பழ ஈ விஷயமும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2024 அக்டோபரில் அதன் மூளை வரைபடம் முழுசாக வந்தது: 1,39,255 நியூரான், 5 கோடிக்கு மேல் இணைப்பு. இழைகளைப் பிரித்து வரைந்தது ஏஐதான். அது ஒட்டக்கூடாததை ஒட்டியும், ஒட்ட வேண்டியதை அறுத்தும் வைத்ததை மனிதர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள். ஒரே ஆள் செய்திருந்தால் சுமார் 33 வருஷம் ஆகியிருக்குமாம். பத்திரிகைகளில் ஏஐ சாதனை என்று தலைப்புப் போட்டார்கள். அந்த 33 வருஷத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லை, எங்கள் ஜாதி டெக்னீஷியன்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

உன் நண்பன் சொன்னான் என்று ஒன்று சொன்னாயே, ஆராய்ச்சி முடிவு எப்படி வரும் என்று ஊகிப்பதில் சாட்ஜிபிடி போன்ற மொழி மாடல்கள் நிபுணர்களை முந்திவிட்டன, இனி நமக்கு என்ன வேலை என்று. அது 2024ல் வந்த பிரெயின்பெஞ்ச் ஆய்வு. மூளை ஆராய்ச்சிப் பேப்பர் ஒன்றின் சுருக்கத்தில் நிஜ வடிவமும் முடிவை மாற்றிய வடிவமும் கொடுத்து எது நிஜம் என்று கேட்டார்கள். மாடல்களுக்கு 81 சதவீதம் சரி, நிபுணர்களுக்கு 63. எனக்கு இதில் பயம் வரவில்லை. வழக்கம்போல வருகிற முடிவை ஊகித்துவிடலாம். வழக்கத்துக்கு மாறாக ஒன்று வந்தால் அது புதுசா, எலெக்ட்ரோடு கழன்றதா என்று பார்க்க ஆள் வேண்டுமே.

நீ இருக்கிற ஜெர்மனியில்தான், யேனா ஊரில், 1924ல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிந்தார். வெளியிட்டது 1929ல். நடுவில் ஐந்து வருஷம் அவருக்கு ஒரே சந்தேகம்: இது மூளையா, நாடியா, தசையா? தன் மகன் கிளவுஸ் தலையிலும் வைத்துப் பார்த்தார். வெளியிட்ட பிறகும் ஊர் நம்பவில்லை. 1934ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்து காட்டிய பிறகுதான் நம்பியது. உன்னை ஐந்து வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை, ஸ்காலர்ஷிப் முடிந்துவிடும். ஒரு வாரம் சந்தேகப்படு, அது போதும்.

கண்ணுக்கும் பழக்கம் விட்டால் போய்விடும். 2025ல் போலந்திலிருந்து ஒரு ஆய்வு: குடலுக்குள் கட்டி தேடுகிற டாக்டர்கள் ஏஐ துணையோடு பழகினார்கள், பிறகு துணையில்லாமல் பார்த்தபோது, கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4க்கு இறங்கிவிட்டது. அவர்கள் அனுபவப்பட்டவர்கள். நீ இன்னும் பழகவே ஆரம்பிக்கவில்லை. அதனால் மென்பொருள் சுத்தம் செய்வதற்கு முன்னால், வந்தது வந்தபடி ஓடவிட்டுப் பார். பார்த்ததை உன் கையால் எழுதி வை, பிறகு மெஷின் சொல்வதோடு ஒப்பிடு. ஒத்துவராத இடத்தில்தான் நீ எதையாவது கற்றுக்கொள்வாய்.

உன் புரொஃபசர் ரிவ்யூவுக்குக் கொடுத்த பேப்பரை ஏஐ சாட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாயாமே? வேண்டாம். அது இன்னொருவருடைய வெளிவராத உழைப்பு. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற அமெரிக்காவின் என்ஐஎச், மானிய விண்ணப்பங்களை மதிப்பிடுகிறவர்கள் ஏஐயைத் தொடக்கூடாது என்று 2023 ஜூனிலேயே தடை போட்டுவிட்டது. நோயாளி விவரமும் அப்படியே, பெயர் இல்லாவிட்டாலும் போடாதே. மற்றபடி ஏஐ வரைந்த படத்தை யாராவது காட்டினால், 2024 பிப்ரவரியில் ‘ஃப்ரான்டியர்ஸ்’ இதழ் ஒன்றில் வந்த எலியை நினைத்துக்கொள். எலியின் எந்த உறுப்பை அப்படிப் பெரிதாக வரைந்திருந்தது என்று அப்பா எழுதமாட்டேன், உனக்கே தெரியும். சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். 2003ல் வந்த ஈடிஎஃப் பிளஸ் என்ற ஃபைல் வடிவத்தில் அலையோடு டெக்னீஷியன் போட்ட குறிப்பும் சேர்ந்தே வரும். வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அது உதிர்ந்துபோவது உண்டு. குறிப்பில் நோயாளி பெயர் கிடக்குமோ என்று பயந்து மொத்தமாக அழித்துவிடுவதும் உண்டு. உன் ஃபைல்களில் அது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பதிவு அனுப்பிய ஆஸ்பத்திரிக்கு எழுது, பெயர்களை மட்டும் நீக்கிவிட்டுக் குறிப்பைத் தரச் சொல். கிடைத்ததும் ‘மூளை’ என்று உன் மென்பொருள் போட்டதில் ஒரு பத்தையாவது அந்தக் குறிப்போடு சேர்த்துப் பார்.

அப்படியே ஒரு நாள் அவர்கள் பதிவு அறையில் உட்கார அனுமதி கேள். டாக்டரைக் கேட்டால் பார்க்கலாம் என்று இழுப்பார், நேரே டெக்னீஷியனைக் கூப்பிடு. காலையிலேயே கூப்பிடு, மதியத்துக்குமேல் பிள்ளைகளின் தூக்கப் பதிவு இருந்தால் போன் எடுக்கமாட்டார்கள்.

அப்பா
குழித்துறை