கைமாறும் ஹோட்டல் கார்டுகள்

ஆசிரியருக்கு,

ஹோட்டல் பெயரில் வரும் கிரெடிட் கார்டு வேறு வங்கிக்குக் கைமாறும்போது, செலவழித்துச் சேர்த்த பாயிண்டுகள் போய்விடுமோ என்றே பலரும் பதறுகிறார்கள். ஹோட்டலின் உறுப்பினர் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்தவற்றுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. சிக்கல், இன்னும் போய்ச் சேராதவற்றில்தான். பெரும்பாலும் மாதாந்திர ஸ்டேட்மென்ட் முடிந்த பிறகே வங்கி அவற்றை அனுப்பும். எனவே கடைசி பாயிண்டுகள் வரவாகாமல் கார்டை மூடவோ மாற்றவோ வேண்டாம். இலவச இரவுத் தங்கல் கூப்பனும் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சில வாரங்கள் கழித்தே வருவது வழக்கம். அவசரப்பட்டால் கட்டணம்தான் வீண்.

பழைய வங்கியிலேயே வேறு கார்டுக்கு மாற நினைப்பவர்கள் பல வாரங்கள் முன்பே கேட்க வேண்டும். கணக்கு புதிய வங்கிக்குப் போனபின் அந்த வழி அடைபட்டுவிடும். இப்படி மாறினால் கணக்கின் வயது, அதாவது அது எத்தனை ஆண்டுப் பழையது என்ற பதிவு, பொதுவாகக் காக்கப்படும். ஆனால் புதிதாகக் கார்டு எடுப்பவர்களுக்குத் தரும் வரவேற்பு போனஸ் அநேகமாகக் கிடைக்காது.

அமெரிக்காவில் 2018 ஜனவரியில் சிட்டி வங்கியின் ஹில்டன் கார்டுகள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்குப் போனபோது, விசா என்ற கட்டண நெட்வொர்க்கையும் அவை இழந்தன. விசாவை ஏற்கும் கடைகளில் சில, புதிய கார்டை ஏற்பதில்லை. கார்டு எண்ணும் மாறக்கூடும் என்பதால் தானியங்கிக் கட்டணங்களையும் அறை முன்பதிவுகளையும் திருத்த வேண்டும். பழைய ஸ்டேட்மென்டுகளை முன்கூட்டியே தரவிறக்கி வைப்பது அவசியம்.

கார்டை மாற்றிக்கொள்வதற்கும் ஸ்டேட்மென்டுகளை எடுப்பதற்குமான கெடு தேதிகளை வங்கிகள் பொடி எழுத்தில் ஒளிக்காமல், அறிவிப்பின் முதல் வரியிலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்