ஞாயிறு உரையாடல்: வெனிஸ் நகரத்து ஓபரா

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில் வெனிஸில் ஓபரா (பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகம்) நடக்கும் அரங்குகளைப் பற்றிப் பேசுகிறோம். முன்னோட்டமாகக் கொஞ்சம்:

1637-ல் அங்கே சான் கசியானோ அரங்கு திறந்தது. அதுவரை பிரபுக்களின் மாளிகைகளில் நடந்துவந்த ஓபராவை, அதன்பிறகு டிக்கெட் வாங்கிய யாரும் பார்க்க முடிந்தது. என்னைக் கேட்டால், ஓபரா வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

வெனிஸின் இன்னொரு ஓபரா அரங்கான லா ஃபெனிச்சே 1792-ல் வந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ரிகொலெட்டோ’ (1851), ‘லா திராவியாட்டா’ (1853) ஆகிய ஓபராக்கள் இரண்டும் அரங்கேறியது இங்கேதான். இன்று உலகமே கொண்டாடும் திராவியாட்டா அன்று படுதோல்வி!

1836-ல் எரிந்த அரங்கை ஒரே வருடத்தில் மீண்டும் கட்டிவிட்டார்கள். 1996 தீ வேறு கதை. வேலை தாமதமானால் அபராதம் கட்டவேண்டுமே என்று பயந்து இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வைத்த தீ அது. தூர்வாருவதற்காகப் பக்கத்துக் கால்வாயை வற்றவைத்திருந்ததால் தீயணைப்புப் படகுகள் நெருங்கமுடியவில்லை. தண்ணீரில் மிதக்கும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், பாருங்கள். 2003 டிசம்பரில்தான் அரங்கு மறுபடி திறந்தது.

திராவியாட்டாவின் முதல் அங்கத்தையாவது கேட்டுவிட்டு வாருங்கள். அழைப்பில் சேர்ந்ததும் மைக்கை அணைத்துவிடவும். அழைப்புக்கான லிங்க் சனி இரவு வரும்.