எங்கள் சங்க நிலத்தை எங்களைக் கேட்டுத் தொடுங்கள்

கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அவர்களுக்கு,
கீழ்ப்பாக்கம், சென்னை.

வணக்கம்.

குடியிருப்பது அம்பத்தூரில் என்றாலும் எனக்கு நிலமும் சொசைட்டி உறுப்பினர் எண்ணும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 1904 இல் கூட்டுறவுச் சட்டம் வந்த கையோடு திரூரில் சங்கம் பதிவான மாவட்டம் அது. எங்கள் சங்கத்துக்கு ரோட்டோரம் கிடங்கும் காலி மனையும் உண்டு. சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்டது. அந்த மனையை நீண்ட காலக் குத்தகைக்கு விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. யாரிடம் கேட்பது? 2018 இல் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவின் 5 ஆண்டுக் காலம் 2023 இல் முடிந்தது. அதற்குப் பிறகு குழுவுக்குப் பதில் அரசு நியமித்த அதிகாரியான செயலாட்சியர்தான்.

மனை என்ன விலைக்கு ஏறினாலும் என் பங்கு ஏறாது. கடன் வாங்கும்போது பிடித்த பங்குத்தொகை, விலகினால் அதே தொகையாகத்தான் கைக்கு வரும். கம்பெனிப் பங்கு போல வெளியில் விற்க முடியாது. இதில் எனக்குக் குறையில்லை. சொத்தைப் பங்கு போடலாம் என்றிருந்தால் எங்களுக்கு முந்தைய தலைமுறையே விற்றுத் தின்றிருக்கும், கிடங்கு மிஞ்சியிருக்காது. ஆனால் விற்கவும் பிரிக்கவும் முடியாத சொத்தில் உறுப்பினருக்கு இருக்கும் உடைமை ஒன்றே ஒன்று: ஓட்டு. 10 ஏக்கர்க்காரருக்கும் ஒன்றுதான், 50 சென்ட்காரருக்கும் ஒன்றுதான். அதை நிறுத்தி வைத்தால் எங்களிடம் மிஞ்சுவது ரசீது மட்டுமே.

கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் 2021 இல் ரத்து செய்தது, மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதற்காக. கூட்டுறவு மாநில அதிகாரம் என்று அன்று மகிழ்ந்தோம். கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் இன்னும் இருக்கிறது. ஜனநாயகக் கட்டுப்பாட்டை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 43பி பிரிவு சொல்கிறது. மாநிலத்தின் கையில் வந்த அதிகாரம் உறுப்பினர் கைக்கு வர வேண்டாமா?

பயிர்க்கடனும் நகைக்கடனும் உரமும் ஒரு நாளும் நிற்கக் கூடாது. அந்த வேலைகளுக்குச் செயலாட்சியர் தேவைதான், எங்கள் ஊரில் இருப்பவர் நல்லவரும்கூட. நிலம், கட்டடம், நீண்ட குத்தகை மட்டும் வேறு கணக்கு. உறுப்பினர் எல்லாரும் அடங்கிய பேரவையைக் கூட்டாமல் அவற்றில் கையெழுத்திடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மதிப்பீட்டு அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே தமிழில் பார்வைக்கு வையுங்கள். தேர்தல் தேதியையும் அறிவியுங்கள்.

எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னால் போதும், எல்லாரும் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
‘அ’ வகுப்பு (ஓட்டுரிமை உள்ள) உறுப்பினர் ஒருவர்,
அம்பத்தூர்