கணித்தால் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கினால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும் என்பதும், காய்ந்த எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுக்க நிறம் ஏறிவிடும் என்பதும் ஈரோட்டில் சமையல் அறிந்த எவருக்கும் தெரியும். ஒரு மருந்து மூலக்கூறு உடலில் எங்கே போய்ச் சேரும் என்ற கணிப்பும் இத்தகைய பங்கீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1960-களில் அமெரிக்க வேதியியலாளர் கார்வின் ஹான்ஷ், தண்ணீரோடு கலவாத, எண்ணெய் போன்ற ஆக்டனால் என்ற திரவத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மருந்து பிரிந்து நிற்கும் விகிதத்தை இதற்கு அளவுகோலாக்கினார். இன்று மூலக்கூறின் அமைப்பை வரைந்து கொடுத்தால் கணினி அந்த எண்ணை நொடியில் தந்துவிடுகிறது.

நம் மாணவர்கள் அந்த எண்ணோடு நின்றுவிடுவதுதான் என் கவலை. கொங்குப் பகுதி மருந்தியல் கல்லூரிகள் சிலவற்றின் முதுகலை ஆய்வேடுகளைத் தேர்வாளராகப் படித்தபோது, கணித்த மதிப்புகள் பக்கம் பக்கமாக இருந்தனவேயன்றி, அவற்றில் ஒன்றைக்கூட, கலவையைக் குழாய் வழியே செலுத்திக் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் சரிபார்த்த குறிப்பு இல்லை.

செல் சவ்வு ஆக்டனால் அன்று. புரோப்ரனலால் என்ற மருந்து இரத்தத்தின் 7.4 பி.எச். அளவில் பெரும்பாலும் நேர்மின்னேற்றத்துடன் இருப்பதால் ஆக்டனாலுக்குள் குறைவாகவே செல்கிறது; ஆனால் சவ்வை ஆக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பில் உள்ள, எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் அதை ஈர்த்துக்கொள்வதால், சவ்வில் ஆக்டனாலைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகச் சேர்கிறது. பாஸ்போலிப்பிடைச் சிலிக்காவின் மீது பிணைத்து நிரப்பிய குழாயில் அம்மருந்தைச் செலுத்தி, அது வெளிவர எவ்வளவு தாமதமாகிறது என்று குறித்தால் இந்த ஈர்ப்பு கண்ணுக்கே தெரியும்.

அந்த வசதி இல்லாத கல்லூரிக்கு நம் மஞ்சளே போதும். அதிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருளில் இரண்டு மெத்தாக்சித் தொகுதிகள் (ஆக்சிஜன் வழியே இணைந்த மெத்தில் அணுக்கூட்டங்கள்) உள்ளன. அதன் உடன்பிறப்புகளான மற்ற இரண்டில் ஒன்றில் ஒரு தொகுதி உண்டு, மற்றொன்றில் இல்லவே இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மதிப்பு வைத்து, அவற்றைக் கூட்டிப் பங்கீட்டைக் கணிக்கும் ஹான்ஷ் முறையில் பென்சீன் வளையத்து மெத்தாக்சியின் மதிப்பு ஏறத்தாழச் சுழியம் என்பதால், கூட்டல் கணக்கின்படி மூன்றும் சேர்ந்தே வெளிவர வேண்டும். பல கல்லூரிகளில் இருக்கும், பதினெட்டு கார்பன் சங்கிலி பிணைத்த சிலிக்கா நிரப்பிய சி18 குழாயிலோ அவை வெவ்வேறு நேரத்தில் வெளிவந்து, வரைபடத்தில் மூன்று சிகரங்களாகப் பிரிகின்றன. மெத்தாக்சி தன் பக்கத்து ஹைட்ராக்சிலோடு மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும் என்பதை அந்தக் கூட்டல் கணக்கு அறியாது.

எனவே, முதுகலைச் செய்முறைத் தேர்வில் மாணவர் முதலில் தம் கணிப்பை எழுதி ஒப்படைத்துவிட்டு, பிறகு கருவியில் அளந்து, இரண்டும் ஏன் வேறுபட்டன என்பதற்கு விளக்கம் எழுதும்படி செய்ய வேண்டும் என்றும், அந்த விளக்கத்துக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்றும் பாடத்திட்டம் வகுப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
ஈரோடு