சல்லிப் பள்ளிக்கூடம் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். பெரியமாமா வீட்டு விஷயம் நீ நினைத்த மாதிரியே முடிந்தது. அதை எழுதி என்ன.

லண்டனில் மொடலாக வேலை செய்கிற உன்னிடம் எடுத்த பேட்டியைப் பக்கத்து வீட்டு ரீச்சர் போனில் காட்டினா. திருகோணமலைக் கடற்கரையில் இருக்கிற சல்லிக் கிராமத்தில் பாலர் பாடசாலை கட்டப் போகிறாயாம். சந்தைக்குப் போனால் மீன்காரர்கூடக் கேட்கிறார். பெருமைதான். ஆனால் கட்டட வேலை பார்த்தே தலை நரைத்த அப்பன் வீட்டில் இருக்க, பேட்டி எடுத்தவருக்கு முதலில் சொல்லியிருக்கிறாய். சரி, சொல்லியாயிற்று. இனி ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

படமும் பார்த்தோம். வடிவு. அம்மம்மாவின் காப்பைப் போட்டிருந்தாய். நீ போகும்போது அதைச் சவர்க்காரம் பூசித்தான் கையில் ஏற்றினோம். படத்தில் முழங்கை வரைக்கும் ஏறி நிற்கிறது. படம் எடுத்த கோணமோ தெரியாது.

காணியில் இருந்து தொடங்குவோம். யாரோ நல்ல மனதோடு காணித்துண்டு தருகிறார் என்றால் உடனே அத்திவாரம் வெட்டாதே. சொந்த உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்று பார்க்க வேண்டும். தந்தவர் நல்லவராக இருப்பார், அவருடைய பிள்ளைகள் பிறகு வந்து கட்டடத்தோடு சேர்த்துக் கேட்பார்கள். பிரதேச சபையின் பேருக்கு எழுதி எடுத்த பிறகு கல் வை. அடுத்தது கடல். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கோடு போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். அது போனாலும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதே, கடிதமாக எடு.

மணல்தான் எனக்குப் பயம். கடற்கரை மணல் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஒப்பந்தக்காரர் ஆற்றுமணலோடு கொஞ்சம் கலந்தால் லண்டனில் இருக்கிற உனக்குத் தெரியவா போகிறது? கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதிலும் குழைக்கக் கூடாது. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்து கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பூச்சு வழவழவென்று நிற்கும். ஒருநாள் தூண் மூலையில் மயிர் போல ஒரு வெடிப்பு தெரியும், விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பூசிப் பிரயோசனம் இல்லை. அதனால் கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 2 அங்குலம் கொங்கிரீட் நிற்க வேண்டும். சாதாரணக் கலவை சீமெந்து, மணல், கல் 1:2:4. அங்கே அதைவிடச் சீமெந்து கூட்டிப் போடவேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். குழைக்கச் சுகம் என்று தண்ணீர் ஊற்றுவார்கள், யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். நான் நிற்பேன்.

காலமும் முக்கியம். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் அத்திவாரக் குழியில் தண்ணீர்தான். அதற்காகக் கச்சான் என்கிற வரண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் கொங்கிரீட் போட்டால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். அதிகாலையில் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். மலசலகூடக் குழியும் கிணறும் 50 அடி தள்ளி இருக்கட்டும். மணல் நிலம், எல்லாம் இறங்கும்.

கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆசிரியைக்கு மாதாமாதம் யார் கொடுப்பது? இதை எந்தப் பேட்டியிலும் கேட்கமாட்டார்கள். கட்டுகிற காசில் பாதியை அதற்கென்று ஒதுக்க முடியாவிட்டால் ஒரு அறையோடு நிறுத்து.

காசு விஷயத்தில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி, இருந்தாலும் எழுதுகிறேன். உன் சம்பளத்தில் ஏஜென்சி நூற்றுக்கு இருபதளவில் எடுக்கிறது. விமானச் சீட்டு, அறை வாடகை, மாதிரிப் படம் என்று முன்பணமாகத் தந்ததையும் கழிக்கிறது. மிச்சம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். வராத காசை நம்பி ஒப்பந்தக்காரருக்குத் திகதி சொல்லாதே. நன்கொடைக்கு வேறு கணக்குத் திற. இங்கிலாந்தில் வருஷம் 5,000 பவுணுக்கு மேல் வந்தால் தர்ம அமைப்பாகப் பதிய வேண்டும். கிஃப்ட் எய்ட் என்கிற வரிச்சலுகை கிடைத்தால் வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் கூட வரும்.

செக் நாட்டு மொடல் பெட்ரா நெம்கோவாவைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தாய். முழுக்கப் பார். 2004 மார்கழி 26, தாய்லாந்தில் காவோ லாக். இங்கே வந்த அதே கடல். இடுப்பெலும்பு உடைந்து, எட்டு மணித்தியாலமளவில் மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தா. கட்டிலில் கிடந்து, எலும்பு பொருந்தி, எழும்பி நடந்த பிறகுதான் ஹப்பி ஹார்ட்ஸ் ஃபண்டைத் தொடங்கினா. நிவாரணக்காரர் திரும்பிப் போன பிறகு பள்ளிக்கூடம் இல்லாமல் இருக்கிற பிள்ளைகளைத்தான் அவ பார்த்தா. 2017இல் அதை இன்னொரு அமைப்போடு சேர்த்துவிட்டா, தன் பேர் மறையுமே என்று பிடித்து வைக்கவில்லை. அமெரிக்க மொடல் கிறிஸ்டி டர்லிங்டனும் அப்படித்தான். 2003இல் பிள்ளை பெற்றபோது வந்த இரத்தப்போக்கை ஒளிக்காமல் ஊருக்குச் சொன்னா, 2010இல் தாய்மாருக்கென்று எவ்ரி மதர் கவுண்ட்ஸ் தொடங்கினா. உடம்புக்கு வந்ததைச் சொல்வதில் வெட்கம் இல்லை மகள்.

பிரான்சில் மொடல் வேலை செய்ய 2017 முதல் வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்று வாசித்தேன். உயரத்துக்கு ஏற்ற நிறை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறைச் சுட்டெண்ணையும் பார்ப்பார்களாம், அந்தச் சான்றிதழ் ஆகக்கூடியது இரண்டு வருஷம்தான் செல்லுமாம். நீ பரிஸுக்குப் போய் வருகிறாய், எடுத்திருப்பாய். அதன் பிரதியை அனுப்பு. பள்ளிக்கூடக் கோப்போடு சேர்த்து வைக்கிறேன். அம்மா வேறொரு விஷயமும் கேட்கச் சொன்னவ. அதை அவவிடமே சொல்லு, நான் எழுதுவது சரியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. சாப்பாட்டை ஒத்திப்போடாதே. காணியின் உறுதியைப் பார்க்காமல் காசு அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஞாயிறு பகலில் கோல் எடு, இரவில் எடுத்தால் அம்மா பிறகு நித்திரை கொள்ளமாட்டா. கமராவை மூடி வைத்துக்கொண்டு கதைக்காதே. சிக்னல் இல்லை என்று இந்தமுறையும் சொல்லாதே.