திரும்பப் பெறும் ஒரு சொல்: சித்தப்பாவுக்குக் கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சென்ற தை மாதம் வந்த மூன்று கல்யாணப் பத்திரிகைகளையும் மேசையிலேயே வைத்துவிட்டு, மாலையானால் பழைய அலுவலக நண்பர் ஒருவரோடு மட்டும் நீங்கள் குளக்கரைக்கு நடந்துபோய் வந்தபோது, உங்களுக்கு மனச்சோர்வு வந்துவிட்டது என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். எல்லோர் காதிலும் விழச் சொன்னதை எல்லோரும் படிக்கத் திரும்பப் பெறுவதே முறை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்படிச் சொன்னது தவறோ என்று பிறகு படித்த ஆய்வுகள் நினைக்கவைத்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 94 வயது வரையிலான 184 பேர், ஒரு வாரம், நாளுக்கு ஐந்து முறை, பேஜர் என்னும் சிறு அழைப்புக் கருவி ஒலித்த கணத்தில் தம் மனநிலையைக் குறித்தார்கள். கோபம், கவலை போன்றவை தலைகாட்டுவது ஏறத்தாழ 60 வயது வரை குறைந்துகொண்டே போனது, மகிழ்ச்சியோ குறையவில்லை. இன்பமும் துயரமும் ஒருசேர வருவது முதியவர்களிடம் அதிகம் என்பதைப் படித்தபோது, பேத்தியின் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அரை மணி நேரம் கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள் என்று கேட்டால், நெருங்கிய உறவினரையே முதியவர்கள் பெரும்பாலும் தேர்கிறார்கள். இளைஞர்களுக்குப் புது மனிதர்கள் மேலும் ஆசை உண்டு. ஆனால் 1997இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் கைமாறவிருந்த, ஒரு காலம் முடியப்போகிறது என்று தோன்றிய மாதங்களில் அங்கே இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களைத் தேர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பழைய வேறுபாடு திரும்பிவிட்டது. ஆக, பழகுகிறவர்களின் வட்டத்தைச் சுருக்குவது வயதன்று, இனி எவ்வளவு காலம் என்ற எண்ணம் என்கிறார் கார்ஸ்டென்சன். பந்திக்கு முந்தும் வயதில் இருக்கும் எனக்கு இது தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

ஒன்றில் மட்டும் என் மனம் இன்னும் ஆறவில்லை. வேண்டாமென்று நாமே விலக்கியவர்களால் வட்டம் சுருங்குவது வேறு. சித்தி போனதுபோல் பிரிந்தவர்களால் சுருங்குவது வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. உங்களுடையது எது என்று கேட்காமலே பெயர் வைத்ததுதான் என் பிழை.

வரும் ஞாயிறு மாலை ஊருக்கு வருகிறேன். கையில் பத்திரிகை எதுவும் இருக்காது. நடக்கும்போது நானும் கூட வரலாமா என்று உங்கள் நண்பரையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்