அட்டையில் எழுத வேண்டிய கணக்குச் சொற்கள்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பதில் மகிழ்ச்சி. கணக்குச் சொற்களை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல் என்ற பெயர்களில் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. எண்ணோடு ஒட்டிவரும் வேற்றுமை உருபுகளில்தான் வழுக்குவார்கள்.

"52-இலிருந்து 27-ஐக் கழி" என்றால் சரியாகப் போட்டுவிடுவாள். அதையே "27-ஐ 52-இலிருந்து கழி" என்று மாற்றிச் சொல்லிப் பார். 27 − 52 என்று எழுத வாய்ப்பு அதிகம். காதில் முதலில் விழுந்த எண்ணைத்தான் கை முதலில் எழுதும். "5-ஆல் 20-ஐ வகு" என்பது 5 ÷ 20 ஆவதும் இப்படித்தான். 'ஐ' வந்த எண்ணை முதலில் எழுது என்று சூத்திரம் சொல்லிக்கொடுத்துவிடாதே. வகுத்தலில் அது பொருந்தும், கழித்தலில் கவிழ்த்துவிடும். "எதிலிருந்து எடுக்கிறோம்? எதைப் பங்கு போடுகிறோம்?" என்று கேட்டு, அந்த எண்ணை முதலில் எழுத வை.

கழித்தலில் இன்னொரு வம்பு உண்டு. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று சொல்லிப் பழக்கினால், 52 − 27-க்கு விடை 35 என்று வரும். ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்றதும், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுவார்கள். 'கடன் வாங்குதல்' என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காது. திருப்பிக் கொடுக்காத கடன் அது! 5 பத்துகளில் ஒன்றைப் பிரித்தால் 4 பத்துகளும் 12 ஒன்றுகளும் இருக்கும். 12-இல் 7 போனால் 5, 4-இல் 2 போனால் 2, விடை 25. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டை அவள் கையாலேயே அவிழ்க்கச் சொல்.

வகுத்தலுக்கு 23 ÷ 5 போதும். 23 வகுபடும் எண், 5 வகுக்கும் எண், 4 ஈவு, 3 மீதி. 5 × 4 + 3 = 23 என்று சரிபார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்து. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது. 23 ÷ 5-க்கு ஈவு 3, மீதி 8 என்று எழுதினால், இன்னொரு ஐந்தை எடுக்க மறந்துவிட்டாள் என்று பொருள். 612 ÷ 6-ஐயும் கட்டாயம் கொடு. 102-க்குப் பதிலாக 12 என்று எழுதுவது இங்கே வாடிக்கை. பத்தாம் இடத்து 1-இல் 6 போகாதபோது ஈவில் 0 போட வேண்டும். அதைப் போடாமல் 2-ஐ இறக்கிவிடுவதால்தான் இப்படி ஆகிறது.

'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்ற குறுக்குவழி மட்டும் வேண்டாம். "கண்ணனிடம் 12 மணிகள் உள்ளன. இது வள்ளியிடம் இருப்பதைவிட 5 கூடுதல். வள்ளியிடம் எத்தனை?" 'கூடுதல்' என்ற சொல்லைப் பார்த்ததும் 17 என்பார்கள். விடை 7. யாரிடம் அதிகம் என்பதை முதலில் வாயால் சொல்ல வைத்துவிட்டு, பிறகு பென்சிலைக் கையில் கொடு.

பின்னம் அடுத்த ஆண்டுப் பாடம் என்றாலும் ஒன்றைக் குறித்துக்கொள். நாம் "மூன்றில் இரண்டு" என்று கீழே உள்ள பகுதியை முதலில் சொல்கிறோம். எழுதும்போதோ மேலே தொகுதி 2, கீழே பகுதி 3. சொன்ன வரிசையிலேயே மேலிருந்து எழுதினால் 3/2 ஆகிவிடும். கால், அரை, முக்கால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும், அங்கிருந்து தொடங்கு.

கடைசியாக, சமக்குறி. 8 + 4 = __ + 5 என்று எழுதிக் கொடு. 12 என்று நிரப்பினால், '=' என்பதை 'விடை இதோ' என்று படிக்கிறாள். 'இருபுறமும் சமம்' என்று படித்தால் 7 வரும். அட்டையின் முதல் வரியாக இதையே எழுதிவிடு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். மற்றவை நேரில்.

அன்புடன்,
சேகர்